ஏலம் போன ரப்பர் வாத்து

அந்த ஏலக்கூடத்தில் அவள் வாயைத் திறந்து மூடுவதற்குள் ஒரு வீட்டுச் சாமான் மொத்தமும் கை மாறிவிடும். கட்டிலைக் கொண்டுவந்தவர் 'விற்கலாமா, வேண்டாமா' என்று யோசித்து முடிப்பதற்குள் கட்டில் வேறு யாருடைய வண்டியிலோ ஏறிப் பாதி ஊரைத் தாண்டியிருக்கும். வயது முப்பத்தாறு. ஊர் அவளை 'ஏலக்காரி' என்றுதான் அழைத்தது. கூடத்தின் முதலாளியான அவள் அண்ணன் மட்டும் 'பாப்பா' என்பார். "எங்க பாப்பா நினைச்சா வெறும் காத்தைக்கூட ஏலம் போட்டு வித்துருவா. வாங்கினவனும் 'மூட்டை கட்டிக் குடுங்க'ன்னு நிப்பான்" என்று அவர் பெருமையடிப்பதில் பாதிக்கு மேல் உண்மை.

ஆனால் அவளுடைய உண்மையான வித்தை பேச்சில் இல்லை, பேசாமல் இருப்பதில் இருந்தது. 'ஒரு தரம்' என்பதைச் சட்டென்று சொல்வாள். 'ரெண்டு தரம்' என்பதைக் கொஞ்சம் இழுப்பாள். அப்புறம் சுத்தியலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாயைப் பூட்டிக்கொள்வாள். அவ்வளவுதான். அந்த மௌனத்தில் வாங்கவே வராதவன்கூட, 'ஐயோ, போகப்போகுதே' என்று கையைத் தூக்கிவிடுவான். ரெண்டாவது தரத்துக்கும் மூணாவது தரத்துக்கும் நடுவில் ஏலம் விடுகிறவள் ஒரு சொல் பேசக் கூடாது, இருமக் கூடாது, கொசு கடித்தாலும் சொறியக் கூடாது. அது தொழில் சட்டம். வீடே தீப்பிடித்தாலும் அவள் மூணாவது தரத்தைச் சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் கேட்பாள் என்று வாடிக்கைக்காரர்கள் பந்தயம் கட்டத் தயாராக இருந்தார்கள்.

அன்றைக்கு மேசைமேல் இருந்தது ஒரு குயில் கடிகாரம். குயிலைக் காணோம். மணிக்கு ஒருமுறை கதவு மட்டும் திறந்து, உள்ளே யாருமில்லை என்று காட்டிவிட்டு மூடிக்கொள்ளும். இப்படிப்பட்ட சாமானுக்கும் இரண்டு பேர் போட்டி. வெயிலிலும் குடையை மடக்காத குடைக்காரர் ஒருவர். விலை ஏற ஏறப் பல்செட்டு ஆட ஆரம்பிக்கும் பல்செட்டுக்காரர் இன்னொருவர். ஒருவர் வாங்கினால் மற்றவருக்குத் தூக்கம் வராது.

"ஒரு தரம்! ரெண்டு தரம்..."

சுத்தியல் மேலே போனது. மௌனம். குடைக்காரர் விலையை ஏற்றினார். ஏலக்காரி புது விலைக்கு மறுபடி 'ஒரு தரம்' சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை.

சொல் தெரியாமல் போகவில்லை. கண்ணாடி அலமாரிக்குள் வைத்த பீங்கான் பொம்மை மாதிரி அது நன்றாகத் தெரிந்தது. சாவியைத்தான் காணோம். வலது கை யாருடைய கையோ என்று ஆனது. சுத்தியல் நழுவி, பக்கத்தில் நின்ற அண்ணனின் கால் கட்டைவிரலில் 'ணங்' என்று இறங்கியது.

கூடம் ஒரு கணம் குழம்பியது. பிறகு பல்செட்டுக்காரர் தீர்ப்புச் சொன்னார்: "சுத்தி மேசையில விழல, முதலாளி காலுலதான் விழுந்துச்சு. ஏலம் முடியல!" அதற்கப்புறம் யாரைப் பிடிக்க முடியும்? குடைக்காரர் ஏற்ற, பல்செட்டுக்காரர் ஏற்ற, ஏலக்காரி பேச்சற்று நிற்க, 'அம்மாடி, என்ன கல்நெஞ்சக்காரி, இன்னும் அசையமாட்டேங்கிறா' என்று சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்களும் குதித்துவிட்டார்கள். குயில் இல்லாத கடிகாரம், ஒரு காடு நிறையக் குயிலோடு விற்றாலும் கிடைக்காத விலைக்குப் போனது. அவள் நாக்கு திரும்பி வந்து 'மூணு தரம்' என்றபோது கூடமே எழுந்து நின்று கைதட்டியது.

அண்ணன் ஒற்றைக் காலில் குதித்தபடி வந்தார். வலியில் ஒரு கண்ணிலும் மகிழ்ச்சியில் இன்னொரு கண்ணிலும் நீர். "பாப்பா! இந்த வித்தையை எங்க கத்துக்கிட்டே? அடுத்த மாசம் பியானோ வருது. அதுக்கும் இதே மாதிரி நில்லு. கட்டைவிரல் போனாப் போகுது, இன்னொண்ணு இருக்கு!"

வீட்டில் கணவரிடம் இதை அவள் பெரிய நகைச்சுவையாகவே சொன்னாள். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் பாதிப்பேருக்கு அவர்தான் பயம் காட்டி ஸ்டியரிங் பிடிக்கவைத்தார். கற்றுக்கொள்ள வருகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, அவருடைய வலது கால் எப்போதும் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருக்கும். மாடிப்படியில் யாராவது வேகமாக இறங்கினால் இவர் சோபாவில் இருந்தபடி தரையை மிதிப்பார். அந்த இடத்தில் தரை பள்ளமே விழுந்துவிட்டது. ஊரில் அவருக்குப் பெயர் 'பிரேக் மாஸ்டர்'.

கதை முடிவதற்குள் அவர் கால் தரையை அழுத்தியது.

"கையும் மரத்துப்போச்சா?"

"ஆமாங்க, கொஞ்ச நேரம். அதை விடுங்க, அந்தப் பல்செட்டுக்காரர் மூஞ்சியைப் பார்க்கணுமே..."

"எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"நல்லாத்தானே இருக்கேன்!"

"நல்லா இருக்கும்போதுதான் வண்டியை ஒர்க்‌ஷாப்புல விடணும். நின்னப்புறம் விட்டா இழுத்துட்டுத்தான் போகணும்."

ஆஸ்பத்திரியில் அவளை மேலிருந்து கீழ்வரை படம் எடுத்தார்கள். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, கொழுப்பு இல்லை. இதயம் ராணுவ அணிவகுப்பு மாதிரி ஒழுங்காக அடித்தது. கழுத்து ரத்தக்குழாயில் ஒலிக்கருவியை வைத்துப் பார்த்தார்கள். அடைப்பு இல்லை. 'சின்னதாக ஒரு பக்கவாதம் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போயிருக்கிறது, ஏன் வந்தது என்று தெரியவில்லை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுங்கள், ஏதாவது என்றால் உடனே திரும்ப வாருங்கள்' என்று அனுப்பினார்கள். அந்த வயதில், அந்த உடம்பில், யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

மாத்திரையை அவள் தவறாமல் போட்டாள். பியானோவும் தவறாமல் வந்தது.

அன்றைக்குப் பிரேக் மாஸ்டர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். 'எனக்குப் பியானோமேல ஒரு ஆசை' என்று அண்ணனிடம் சொல்லிவைத்திருந்தார். அவருக்குப் பியானோவில் எந்தப் பக்கம் முன்பக்கம் என்றே தெரியாது. கூடத்தில் கூட்டம் தேன்கூடு மாதிரி அப்பியிருந்தது. குயில் கடிகாரத்தின் புகழ் அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பரவி, ஏலக்காரியின் மௌனத்தைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்திருந்தார்கள்.

"ஒரு தரம்! ரெண்டு தரம்..."

மௌனம். நீண்டது. இன்னும் நீண்டது.

"ஆரம்பிச்சுட்டாங்கடா!" என்றார் குடைக்காரர் குதூகலமாக. விலை ஏறியது. அண்ணன் முன்னெச்சரிக்கையாகக் கட்டைவிரலை மேசைக்கடியில் பத்திரப்படுத்திக்கொண்டு சிரித்தார். சுத்தியல் விழுந்தது. கைதட்டல் வானைப் பிளந்தது. விலை இன்னும் ஏறியது.

கூடத்தில் ஒரே ஒரு மனிதர் மட்டும் பியானோவைப் பார்க்கவில்லை, சுத்தியலைப் பார்க்கவில்லை. மனைவியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் வலது ஓரம் மெல்லக் கீழே இறங்கியது. இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தார். மிதித்த வேகத்தில் நாற்காலி பின்னால் பறந்தது.

"நிறுத்துங்க! ஏலத்தை நிறுத்துங்க!"

"மாப்ள, கெடுக்காதீங்க! இப்பத்தான் சூடு பிடிச்சிருக்கு!" என்றார் அண்ணன்.

"மச்சான், அவ வாயைப் பாருங்க! கோணுது பாருங்க!"

அண்ணன் திரும்பிப் பார்த்தார். அவர் சிரிப்பு அப்படியே உறைந்தது. பியானோவைத் தூக்க வந்திருந்த ஆட்களே அவளைப் பூ மாதிரி தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். கூரைமேல் 'பயிற்சி வாகனம், தள்ளி வரவும்' என்று பலகை வைத்த கார் அன்றைக்கு ஆஸ்பத்திரிவரை பறந்தது. வாழ்நாளிலேயே முதல்முறையாகப் பிரேக் மாஸ்டர் பிரேக்கைத் தொடாமல் வண்டி ஓட்டினார். அவரிடம் கற்றுக்கொண்ட பாதி ஊரும் அந்தப் பலகையைப் பார்த்தவுடன் பழைய பயத்தில் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது.

சீக்கிரம் வந்தது நல்லதாகப் போயிற்று. கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். சாயங்காலத்துக்குள், விற்றுப்போன சாமான்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவதைப் போலச் சொற்கள் வந்தன. முதலில் 'தண்ணி' வந்தது. பிறகு 'என்னங்க' வந்தது. அந்த 'என்னங்க'வைக் கேட்டு அவர் அழுத அழுகையில் கட்டிலுக்கடியில் செருப்பு மிதந்தது என்று பக்கத்துப் படுக்கைக்காரர் பின்னாளில் சாட்சி சொன்னார். ஆனால் 'மூணு' மட்டும் வரவில்லை. விரலைக் காட்டி 'இது எத்தனை' என்று கேட்டால் ஒன்று என்றாள், ரெண்டு என்றாள், மூணு விரலுக்கு வாயைத் திறந்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். மறுநாள் காலையில்தான் அதுவும் வந்து சேர்ந்தது.

அன்று காலை அவள் சத்தமில்லாமல் சொன்னாள்: "என்னங்க... ஒரு தரம் ஆச்சு. ரெண்டு தரம் ஆச்சு."

அவர் கால் தரையை அழுத்தியது.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார். கையில் லேப்டாப், தலைமயிர் நாலு திசைக்கும் பறந்துகொண்டிருந்தது. நாள் முழுவதும் இருட்டறையில் உட்கார்ந்து ஸ்கேன் படம் பார்க்கும் டாக்டர். அவருக்குக் கால் உண்டு என்பதே அன்றைக்குத்தான் அந்த வார்டு நர்ஸுக்குத் தெரிந்தது.

"கிடைச்சிருச்சு!"

"என்ன சார், லாட்டரியா?" என்றாள் நர்ஸ்.

"லாட்டரி என்ன லாட்டரி! வருஷக்கணக்கா தேடுறேன் சிஸ்டர், இப்பத்தான் மாட்டினான்!" என்று லேப்டாப்பைப் படுக்கைமேல் வைத்தார். "அம்மா, இது உங்க கழுத்து. இடது பக்க ரத்தக்குழாய். நேரே பார்த்தா ஒண்ணும் தெரியாது. அடைப்பு எங்க, அடைப்பு எங்கன்னுதான் எல்லாரும் தேடுவோம். உங்களுக்கு அடைப்பே இல்லையே! இப்போ இதைக் கொஞ்சம் பக்கவாட்டுல திருப்புறேன்... இதோ! பார்த்தீங்களா!"

வெள்ளைக் குழாயின் பின்சுவரிலிருந்து மெல்லிய கோடு ஒன்று உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. நகத்தை வெட்டிப் போட்டால் எப்படி இருக்கும், அந்த அளவு.

"இத்தனூண்டா?"

"இத்தனூண்டுதான்! 'வெப்'னு சொல்லுவோம். குழாயோட உள்சுவரே மடிஞ்சு, ஒரு தட்டு மாதிரி வளர்ந்து நிக்குது. ரத்தம் இந்தத் தட்டுக்குப் பின்னாடி போய்ச் சுழிச்சு நிக்கும். நின்ன ரத்தம் உறையும். உறைஞ்ச கட்டி ஒரு நாள் பிச்சுக்கிட்டு நேரா மூளைக்குப் போகும். சர்க்கரை வேண்டாம், கொழுப்பு வேண்டாம், வயசு வேண்டாம். சின்ன வயசுக்காரங்களைத்தான் பிடிக்கும்."

ஏலக்காரி படத்தை உற்றுப் பார்த்தாள். அவள் பார்க்காத சாமானா? "பழைய அலமாரியில யாரோ கூடுதலா ஒரு பலகை அடிச்சு வச்ச மாதிரி இருக்கு. பின்னாடி கை போகாது, தூசியா சேரும்."

"அதேதான், அதேதான்!" டாக்டர் துள்ளிய துள்ளலில் லேப்டாப் விழப் பார்த்தது. பிரேக் மாஸ்டர் தரையை மிதித்தபடி அதைப் பிடித்தார்.

"அப்போ பலகையைப் பேர்த்து எடுத்துட்டா?"

"அதைப் பேர்க்கிறதுக்குன்னே இங்க ஒருத்தங்க இருக்காங்க!"

அந்த ஒருவர் அறுவைசிகிச்சை நிபுணர். ஆஸ்பத்திரியில் 'கழுத்து டாக்டரம்மா' என்பார்கள். நாலரை அடி உயரம், ஆபரேஷன் மேசைக்கு எட்டுவதற்கு ஸ்டூல் போட்டு நிற்பார். ஆனால் வார்டுக்குள் நுழைந்தால் கூரை தட்டும் என்று தோன்றும். அவர் எதையும் மறைக்கவில்லை. மாத்திரையை மட்டும் நம்பினால் இதில் திரும்பத் திரும்ப வரும், ஏற்கெனவே வந்துவிட்டது. உள்ளே ஒரு சல்லடைக் குழாயை விரித்துப் பலகையைச் சுவரோடு அழுத்திவிடலாம், ஸ்டென்ட் என்பது அது. அல்லது கழுத்தைத் திறந்து, பலகையை வெட்டியே எடுத்துவிடலாம். உங்கள் குழாய் அமைப்புக்கு எனக்கு வெட்டுவதுதான் பிடிக்கிறது. எதிலும் ஆபத்து கொஞ்சம் உண்டு, மேசையிலேயே பக்கவாதம் வருவதுகூட நடந்திருக்கிறது. அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது.

"பேச்சு போயிருமா டாக்டர்?" என்றாள். உயிரைப் பற்றி அவள் கேட்கவில்லை. பேச்சு இல்லாத உயிரை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

"போகாம பார்க்கிறதுக்கு ஒரு வழி வச்சிருக்கேன். வெட்டுற நேரம் அந்தக் குழாயைக் கிளிப் போட்டு மூடுவேன். அப்போ மறுபக்கக் குழாய் மூளைக்கு ரத்தம் குடுக்கணும். பெரும்பாலும் குடுக்கும். குடுக்கலைன்னா உடனே பக்கத்துல ஒரு சின்ன குழாய் சொருகி ரத்தத்தைச் சுத்தி விட்டுருவேன்."

"குடுக்குதா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்றார் பிரேக் மாஸ்டர்.

"இவங்களைத் தூங்க வைக்கமாட்டேன். கழுத்தை மட்டும் மரத்துப்போக வைப்போம். இவங்க பேசிக்கிட்டே இருக்கணும். பேச்சு நின்னா மூளைக்கு ரத்தம் போகலைன்னு அர்த்தம். வாய் ஒண்ணு. வலது கை இன்னொண்ணு. கையில ஒரு சாமான் குடுப்போம். நான் சொல்றப்பல்லாம் அமுக்கணும்."

"என்ன சாமான்?"

டாக்டரம்மா கோட்டுப் பையில் கையை விட்டு ஒரு மஞ்சள் ரப்பர் வாத்தை எடுத்து அழுத்தினார். 'க்வீக்' என்றது.

ஏலக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பேச்சு போனதிலிருந்து அவள் சிரித்த முதல் சிரிப்பு. "இத்தனை மாடிக் கட்டடம், வீடளவு மிஷினு, கடைசியில நம்பிக்கை இந்த வாத்துமேலயா!"

"எனக்குத் தெரிஞ்சு இதுவரைக்கும் வாத்து பொய் சொன்னதில்லை" என்றார் டாக்டரம்மா.

ஆபரேஷன் நாள் வரைக்கும்.

ஆபரேஷன் அறைக்குள் தள்ளுவண்டி போனபோது வெளியே பெஞ்சில் கணவரும் அண்ணனும் உட்கார்ந்தார்கள். "மாப்ள, அன்னிக்கு நான் கைதட்டினேனே" என்று அண்ணன் முணுமுணுத்தார். "எல்லாரும்தான் தட்டினாங்க" என்றார் பிரேக் மாஸ்டர். அவர் காலுக்குக் கீழே ஆஸ்பத்திரிக் கல்தரை நடுங்கத் தொடங்கியது.

உள்ளே குளிர். கண் கூசும் வட்ட விளக்கு. முகத்துக்கு முன்னால் ஒரு பச்சைத் துணித் திரை. திரைக்கு அந்தப்பக்கம் ஸ்டூல்மேல் டாக்டரம்மா. இந்தப்பக்கம் தலைமாட்டில் மயக்க மருந்து டாக்டர்.

"உங்களுக்குப் பேரு மயக்க டாக்டரு. மயக்கமே குடுக்கமாட்டேங்கிறீங்களே, சம்பளம் எதுக்கு வாங்குறீங்க?" என்று கேட்டாள்.

"உங்க பேச்சைக் கேட்டுக்கிட்டே இருக்கணுமே, அதுக்குத்தான்" என்றார் அவர் பாவமாக.

வலது கைப்பக்கம் வார்டில் பார்த்த அதே நர்ஸ் நின்றிருந்தாள். கையையும் விரல்களையும் கவனிப்பது அவள் பொறுப்பு. வாத்தை உள்ளங்கையில் வைத்தாள். "அக்கா, விட்டுராதீங்க."

கழுத்தில் ஊசி குத்தியது, பிறகு மரக்கட்டை ஆனது. யாரோ இழுப்பது தெரிந்தது, வலி இல்லை.

"இப்போ கிளிப் போடப் போறேன்" என்றார் டாக்டரம்மா. "பேசுங்கம்மா. எதையாவது பேசுங்க. நிறுத்தாதீங்க."

எதையாவது பேசு என்றால் மனுஷனுக்கு என்ன வரும்? தெரிந்த தொழில்தானே வரும். விளக்கைப் பார்த்தாள். நாக்கில் எண்ணெய் ஊறியது.

"வாங்க வாங்க! இன்னிக்கு முதல் சாமான், மயக்க டாக்டரோட மூக்குக்கண்ணாடி! ஒரு கால் உடைஞ்சு பிளாஸ்திரி ஒட்டியிருக்கு, அதனால வைத்தியம் பார்த்த கண்ணாடி, கேரண்டி! யார் ஆரம்பிக்கிறீங்க?"

"கிளிப் போட்டாச்சு. வாத்து!" என்றார் டாக்டரம்மா.

'க்வீக்.'

"கண்ணாடியை யாரும் கேட்கலையா? பணம் வேண்டாம், கூடுதலா எத்தனை டியூட்டி பார்ப்பீங்க, அதுல கேளுங்க!"

பணம் என்றிருந்தால் அந்த அறையில் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். டியூட்டி என்றதும் நிலைமையே வேறு. கருவிகளை எடுத்துக்கொடுப்பவர் முகமூடிக்குள்ளிருந்து, "ஒரு ஞாயித்துக்கிழமை டியூட்டி!" என்றார். மயக்க டாக்டர் தன் கண்ணாடியைத் தானே காப்பாற்றிக்கொள்ள ரெண்டு ஞாயிற்றுக்கிழமை என்றார். அப்புறம் அது ஆபரேஷன் அறையாக இல்லை. டாக்டரம்மாவின் ஸ்டூல் ஏலம் போனது. சுவர்க் கடிகாரம் போனது. 'வாத்து!' 'க்வீக்.' கத்தரியும் ஊசியும் பாட்டுக்குத் தாளம் மாதிரி நடந்துகொண்டிருந்தன. திரைக்கு அந்தப்பக்கமிருந்து, "பலகை தெரியுது! அழகா இருக்கு!" என்று குதூகலக் குரல் வந்தது.

ஏலக்காரிக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. சொற்கள் அருவியாகக் கொட்டின. கையில் இருப்பதைப் பார்த்தாள். "அடுத்த சாமான், இதோ, மஞ்சள் வாத்து! பொய்யே சொல்லாத வாத்து! உலகத்துலயே டாக்டருக்குப் படிச்ச ஒரே வாத்து!"

"மூணு ஞாயித்துக்கிழமை!" என்றாள் நர்ஸ். அவளுடைய சின்ன மகள் வீட்டில் வாத்து வாத்து என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

வேறு யாரும் மூணு ஞாயிறு தருவதாக இல்லை. "ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம்! வாத்து சிஸ்டருக்கு!"

அப்புறம் அவள் கை, கேட்காமலே ஒரு காரியம் செய்தது. விற்ற சாமானை மேசையில் வைத்திருக்கக் கூடாது, வாங்கினவரிடம் உடனே கொடுத்துவிட வேண்டும். கை நீண்டது. நர்ஸின் கைக்கும் ஒரு பழக்கம் உண்டு. உள்ளங்கையில் எது வந்து விழுந்தாலும் கேள்வி கேட்காமல் பிடித்துக்கொள்ளும். வாத்து கை மாறியது. கொடுத்தவளுக்கும் உறைக்கவில்லை, வாங்கியவளுக்கும் உறைக்கவில்லை.

"கடைசிச் சாமான்! தலைக்கு மேல தொங்குற இந்தப் பெரிய விளக்கு!"

டியூட்டிகள் பறந்தன. மயக்க டாக்டர் ஒரு மாதத்தின் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளையும் தூக்கிப் போட்டார்.

"ஒரு தரம்! ரெண்டு தரம்..."

வாயை மூடினாள்.

அறை நிசப்தமானது.

"வாத்து!" என்றார் டாக்டரம்மா.

சத்தமில்லை.

"வாத்து!"

சத்தமில்லை. நர்ஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு, வாத்தின் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். வாத்து அவள் கையிலேயே இருந்தது.

"பேசும்மா! பேசு!" டாக்டரம்மாவின் குரல் மாறியது. "பேச்சு நின்னுருச்சு. சைடு குழாய்! குழாயை எடு, சீக்கிரம்!"

ஏலக்காரிக்கு எல்லாம் கேட்டது. வலது கையை அழுத்தினாள். வெறும் கை. 'அடடா, வித்துட்டேனே' என்று தோன்றியது. சொல்லிவிடலாம். ஆனால் ரெண்டாவது தரத்துக்கும் மூணாவது தரத்துக்கும் நடுவில் பேசக் கூடாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. சரி, மூணாவது தரத்தையே சொல்லிவிட்டால் போகிறது.

ஆனால் அந்தச் சொல் இருக்கிறதா? கடிகாரத்துக்கு முன்னால் நின்றபோதும் இதே இடம்தான். பியானோவுக்கு முன்னாலும் இதே இடம்தான். இதே மௌனம், இதே வலது கை. ஒரு தரம் ஆச்சு, ரெண்டு தரம் ஆச்சு. கண்ணாடி அலமாரிக்கு முன்னால் போய் நின்றாள். பூட்டியிருந்தால்? திறந்து பார்க்கப் பயமாக இருந்தது. திறக்காமல் நிற்கவும் முடியாது. வயிற்றிலிருந்து மூச்சை இழுத்தாள். கதவைத் தள்ளினாள்.

"மூணு தரம்!"

அது ஆபரேஷன் அறைக்கான குரல் இல்லை. கூடத்தின் கடைசி வரிசைக்கான குரல். கண்ணாடிக் குடுவைகள் கிணுகிணுத்தன. இரண்டு கதவுகளைத் தாண்டி, பெஞ்சில் இருந்த பிரேக் மாஸ்டர் காதிலும் அண்ணன் காதிலும் விழுந்தது. அண்ணன் பழக்கதோஷத்தில் கட்டைவிரலை உள்ளிழுத்துக்கொண்டார். கீழ்த்தளத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் அதைக் கேட்டு எதையோ வாங்குவதற்குக் கையைத் தூக்கினார் என்றும் சொல்கிறார்கள்.

உள்ளே, அதிர்ச்சியில் நர்ஸின் கை இறுகியது. 'க்வீக்!'

எல்லாத் தலையும் நர்ஸின் பக்கம் திரும்பியது.

"வாத்து ஏன் உன் கையில இருக்கு?" என்றார் டாக்டரம்மா. சைடு குழாய் அவர் விரலில் தயாராக இருந்தது.

நர்ஸ் தன் கையைப் பார்த்தாள். "நான்... ஏலத்துல எடுத்தேன் மேடம்."

டாக்டரம்மா ஸ்டூலிலிருந்து விழாமல் இருந்தது பெரிய விஷயம். "கையை அசைங்கம்மா. விரலைக் காட்டுங்க." திரைக்கு மேல் தன் விரல்களை நீட்டினார். "இது எத்தனை?"

"மூணு" என்றாள் ஏலக்காரி. அதைச் சொல்லும்போது அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. "மூணு டாக்டர். மூணு, மூணு, மூணு!"

"போதும். விளக்கு யாருக்கு விழுந்துச்சுன்னு அப்புறம் பார்த்துக்கலாம். ஏலம் முடிஞ்சுது. நீங்க பாட்டுப் பாடுங்க, கதை சொல்லுங்க, யாரையாவது திட்டுங்க. இடைவெளி விட்டீங்கன்னா உங்களையே வித்துருவேன்!"

அவள் அண்ணனைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே தையல் முடிந்து கிளிப்பை எடுத்தாகிவிட்டது.

வெட்டியெடுத்த பலகையை ஒரு சின்னக் குப்பியில் போட்டு மறுநாள் காட்டினார்கள். படம் பார்க்கும் டாக்டர் அதைக் கோவில் பிரசாதம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். ஏலக்காரி குப்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என் பேச்சையே தூக்கிட்டுப் போகப் பார்த்தது இதுதானா! ஆரம்ப விலைகூட வைக்க முடியாது. சும்மா குடுத்தாலும் எவனும் எடுக்கமாட்டான்."

"நான் எடுத்துக்கிறேன்!" என்றார் அவர் அவசரமாக.

வாத்தை மட்டும் நர்ஸ் திருப்பித் தரவில்லை. "அக்கா, நியாயமா ஏலத்துல எடுத்தது. மூணு ஞாயித்துக்கிழமையை எனக்கு யார் திருப்பித் தருவா?" ஆஸ்பத்திரி வேறு வாத்து வாங்கிக்கொண்டது. அதை நோயாளியின் மணிக்கட்டில் கயிறு போட்டுக் கட்டவேண்டும் என்று டாக்டரம்மா புதுச் சட்டமும் போட்டார்.

குடைக்காரரும் பல்செட்டுக்காரரும் அவள் திரும்பி வந்த நாளில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் மெல்லிய தழும்போடு மேசைக்குப் பின்னால் நின்றாள். பழைய குரல், பழைய வேகம். முதல் சாமான், பியானோ. அன்றைக்குப் பாதியில் நின்ற அதே பியானோ.

"ஒரு தரம்! ரெண்டு தரம்..."

சுத்தியல் மேலே போனது. மௌனம்.

ஒருவரும் விலை ஏற்றவில்லை. எல்லோரும் அவள் வாயின் வலது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வெளிறிப்போய் நின்றார். கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. மௌனம் என்ற அவளுடைய பெரிய வித்தை செத்துவிட்டது. இனி அவள் வாயை மூடினால் ஊரே ஆம்புலன்ஸைக் கூப்பிடும்.

அவள் சிரித்தாள். மேசைக்கடியிலிருந்து வலது கையால் ஒரு மஞ்சள் வாத்தை எடுத்தாள். பிரேக் மாஸ்டர் பொம்மைக் கடையில் இருந்த அத்தனையையும் வாரிக்கொண்டு வந்திருந்தார், வீட்டில் கால் வைக்கிற இடமெல்லாம் வாத்துதான். இடது கையில் சுத்தியல், வலது கையில் வாத்து. உதடு பிரியாமல், தொழில் சட்டம் மீறாமல், அதை அழுத்தினாள்.

'க்வீக்.'

கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கடைசி வரிசையில் ஒரு கால் தரையிலிருந்து மெல்ல எழும்பியது. பல்செட்டு ஆட ஆரம்பித்தது, குடை உயர்ந்தது, பியானோவின் விலை எகிறிக்கொண்டு போனது. வாத்து கத்திக்கொண்டே இருந்தது. கூடம் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தது. அவள் தனக்கு வேண்டிய அளவு காத்திருந்தாள். பிறகு வாயைத் திறந்து, கதவில்லாத அலமாரியிலிருந்து எடுப்பதுபோல, அந்தச் சொல்லை எடுத்துச் சொன்னாள்.